மிஞ்சின குளிசையும் ஊர்க்குளமும்: யாழ்ப்பாணத்தில் யாரிடம் போவது, என்ன கேட்பது

வீட்டில் மிஞ்சின மருந்தைக் குளத்துக்கோ கிணற்றுக்கோ போகாமல் கழிப்பது எப்படி, குளத்துத் தண்ணீரைப் பரிசோதிப்பிப்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல்தான் கனபேர் போத்தலோடு அலைகிறார்கள். குளத்துத் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தால் அதில் மருந்து கலந்திருக்கிறதா என்று யாரும் பார்த்துச் சொல்லப்போவதில்லை. வழமையான தண்ணீர்ப் பரிசோதனையில் பார்ப்பது கிருமி, உரத்தாலும் மலக்கழிவாலும் வருகிற நைத்திரேற்று, உப்பு, கடினத்தன்மை, புளிப்பைக் காட்டுகிற பி.எச் அளவு இப்படியானவை. இலங்கையின் குடிநீர்த் தரநிலையான எஸ்.எல்.எஸ் 614 ஐ எடுத்துப் பார்த்தாலும் சீனி வருத்தக் குளிசைக்கோ அன்ரிபயோட்டிக்குக்கோ அதில் ஓர் அளவு கிடையாது. தண்ணீருக்குள் கரைந்த மருந்தை அளக்க நனோகிராம் (ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் பிரித்துப் பார்க்கிற விலைகூடின கருவி வேண்டும், ஊர்ச்சங்கம் ஒரு கடிதம் எழுதி நடக்கிற வேலை இல்லை அது. ஆகவே மருந்தை அலுமாரியடியிலேயே மறிக்க வேண்டும். குளத்தில் பார்க்க வேண்டியவை வேறு. இரண்டுக்கும் நீங்கள் முதலில் போய் நிற்க வேண்டியது ஒரே ஆளிடம்தான்: உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எல்லோரும் சொல்கிற பி.எச்.ஐ. அவர் இருப்பது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், அதாவது எம்.ஓ.எச் ஒஃபிசில். எந்தப் பி.எச்.ஐ உங்கள் இடத்துக்குப் பொறுப்பு என்று தெரியாவிட்டால் கிராம அலுவலரிடமோ வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள், உடனே சொல்வார்கள்.

யாழ்ப்பாணத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் நாங்கள் குடிப்பது காலுக்குக் கீழே இருக்கிற தண்ணீரை. வலிகாமத்தில் மண் ஒரு முழம் இரண்டு முழம்தான், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல், கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மாரியில் குளம் நிறைந்தால் அயலில் உள்ள கிணறெல்லாம் ஊறும், அதே வழியால் குளத்துக்குள் போட்டதும் வரும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்து 2015 அளவில் சனம் தெருவுக்கு இறங்கினதும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் மறந்திருக்காது. நிலத்துக்குள் போனது போன இடத்தில் நிற்காது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எதற்கு?

சரி, அலுமாரிக்கு வருவோம்.

மிஞ்சுகிற மருந்தில் பெரும்பங்கு கிளினிக் மருந்துதான். அம்மா மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிறா, மெற்ஃபோமின், லொசாட்டன், அற்றோர்வாஸ்ரற்றின் என்று சீனிக்கும் பிரஷருக்கும் கொழுப்புக்கும் குளிசை பை நிறைய வருகிறது, இடையில் டொக்டர் அளவை மாற்றுகிறார், பழையது அப்படியே சொப்பின் பைக்குள் கிடக்கிறது. மூன்று மாதத்தில் ஒரு பிஸ்கட் ரின் நிறைந்துவிடும். இதற்கு முதல் வைத்தியம் எறிவது எப்படி என்று படிப்பதில்லை, வாங்குவதைக் குறைப்பது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற அட்டைகளை எண்ணி, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு போங்கள். மருந்து எழுதும் முன்னரே டொக்டரிடம், "சேர், இந்தக் குளிசை இன்னும் இருபது நாளைக்குக் கிடக்கு" என்று சொன்னால் அவர் குறைத்து எழுதுவார். வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிலர் மருந்தைக் குறைத்து எழுதினால் அடுத்தமுறை தரமாட்டார்கள் என்று பயப்படுகிறார்கள், அதுவும் 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்த பிறகு இந்தப் பயம் கூடிவிட்டது. பயம் நியாயம்தான், ஆனால் கிடைத்ததை எல்லாம் சேர்த்து வைத்தால் கடைசியில் திகதி முடிந்து குப்பைக்குத்தான் போகும். ஒரு மாதத்துக்கு மேலதிகமாகக் கையில் இருந்தால் போதும்.

இரண்டாவது, எலிக்காய்ச்சல் மருந்து. 2024 டிசம்பரில் வடமராட்சி, தென்மராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் வந்து உயிர்ப்பலி எடுத்தபோது வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்ளின் கொடுத்தார்கள். கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் என்பது அதன் கணக்கு. சிலர் இரண்டு கிழமை போட்டுவிட்டு மிச்சத்தைச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள், அடுத்த மாரிக்கு உதவும் என்று. அதை அடுத்த மாரிக்குப் போடாதீர்கள். டொக்சிசைக்ளின் டெட்ராசைக்ளின் என்ற அன்ரிபயோட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்து மருந்து பழுதாகி, அதைக் குடித்தவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 1960களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். வயல்வேலை தொடங்கும்போது பி.எச்.ஐயிடம் புதிதாகக் கேளுங்கள், பழையதை அவரிடமே காட்டி என்ன செய்வது என்றும் கேளுங்கள். அதைக் கோழிக்கு, ஆட்டுக்கு, மீன் தொட்டிக்குப் போடுகிற கைவைத்தியமும் வேண்டாம்.

மூன்றாவது, வெளிநாட்டுப் பெட்டி. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிற விற்றமின் போத்தல், வலிக்குளிசை, இருமல் பாணி. அன்போடு வருவதைக் குறை சொல்ல முடியாது, ஆனால் பாதிக்கு வருகிறபோதே ஆறு மாதத்தில் திகதி முடிகிறது. வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சொக்கலேற் போதும் என்று.

இனி, செய்யக்கூடாதவை. கக்கூசுக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இணையத்தில் தேடினால் அமெரிக்காவில் சில வலிமருந்துகளை அப்படிச் செய்யச் சொல்லி ஒரு பட்டியலே இருக்கிறது, அது அவர்களுடைய கழிவுக்குழாய் ஊருக்கு. எங்களுக்கு மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இருந்தாலே பெரிய காரியம், அந்த 50 அடியும் வெடிப்புள்ள கல்லில் அவ்வளவு காவல் இல்லை. அப்புறம், வளவுக்குள் கிடங்கு வெட்டிப் புதைப்பதும் அதே கதைதான். அடுப்பில் போட்டு எரிப்பதும் கூடாது. மருந்து அட்டையில் பெரும்பாலும் பி.வி.சி பிளாஸ்ரிக் இருக்கிறது, எரித்தால் வருகிற புகை மூக்கையும் நெஞ்சையும் அரிக்கிற அமிலப் புகை. ஆஸ்துமாவுக்கு வாயில் அடிக்கிற பம்ப்பை நெருப்பில் போட்டால் வெடிக்கும். பாணி மருந்தைக் குசினித் தொட்டியில் ஊற்றினால் அது வாழைக்குத்தான் போகிறது என்று நினைக்கிறோம், வாழைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இவ்வளவு சின்ன அளவு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கின ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை, கர்ப்பத்தடைக் குளிசையில் இருக்கிற ஒரு ஹோர்மோனை லீற்றருக்கு 5, 6 நனோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடம்பில் பெண் மீனுக்குரிய புரதம் உண்டாகி, அங்கிருந்த சின்ன மீன் இனம் ஒன்று கிட்டத்தட்ட அழிந்தே போனது. ஏரிக்கே அப்படி என்றால் கோடையில் முழங்கால் அளவுக்கு வற்றுகிற எங்கள் குளத்தில் கொட்டினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. கழிக்க வேண்டிய மருந்தை மேசையில் பரப்பி மூன்றாகப் பிரியுங்கள்: குளிசையும் பாணியும் களிம்பும் ஒரு பக்கம், ஊசி சம்பந்தப்பட்டது ஒரு பக்கம், மோர்ஃபின் போன்ற, கடும் வலிக்குக் கொடுக்கிற கட்டுப்பாட்டு மருந்து ஒரு பக்கம்.

மூன்றாவது வகையில் இருந்து தொடங்குவோம், அதுதான் பொல்லாதது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு வைத்தியம் பெற்ற ஒருவர் காலமான வீட்டில் மோர்ஃபின் குளிசையோ தோலில் ஒட்டுகிற வலிப்பட்டியோ மிஞ்சியிருக்கலாம். எட்டுச் சிலவுக்குள் அதை யோசிக்க யாருக்கும் மனம் வராது, ஆனால் வீட்டில் பிள்ளைகள் திரிவார்கள். பூட்டி வைத்து, கொடுத்த வார்ட்டுக்கோ கிளினிக்குக்கோ கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். பட்டியாக இருந்தால் ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்துவிடுங்கள், பாவித்த பட்டியிலும் ஒரு பிள்ளைக்கு ஆபத்து விளைவிக்கிற அளவு மருந்து மிஞ்சியிருக்கும்.

ஊசி. இன்சுலின் போடுகிறவர்கள் ஊசியைச் சொப்பின் பையில் போடவே கூடாது. ட்ரக்டரில் குப்பை ஏற்றுகிற பிள்ளையின் கையைத்தான் அது குத்தும். தடித்த பிளாஸ்ரிக் போத்தல், உதாரணமாகக் குளோரின் திரவம் அல்லது துணி கழுவும் திரவம் வந்த போத்தல், மூடி திருகுகிறதாக இருக்க வேண்டும். முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, சுற்றி பிளாஸ்ரர் ஒட்டி, வெளியே "ஊசி" என்று பெரிதாக எழுதுங்கள். கிளினிக் நாளில் கொண்டுபோகும் முன் தாதியிடம் கேளுங்கள், ஆஸ்பத்திரிக் கழிவோடு சேர்த்துக்கொள்வார்களா என்று. மாட்டேன் என்றால் பி.எச்.ஐயிடம் வழி கேளுங்கள்.

மிச்சக் குளிசை, பாணி, களிம்புக்கு முதல் தெரிவு ஆஸ்பத்திரி மருந்தகம், அடுத்தது வாங்கின பாமசி. எல்லா இடத்திலும் திருப்பி வாங்குவார்கள் என்று இல்லை, வாங்கினாலும் அதை வேறு ஒருவருக்குக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது, ஏனென்றால் அது வெயிலில் கிடந்ததா ஈரத்தில் கிடந்ததா என்று யாருக்குத் தெரியும். எங்குமே வாங்காவிட்டால் கடைசி வழி வீட்டுக் குப்பை, அதற்கும் ஒரு முறை இருக்கிறது. குளிசையை அட்டையில் இருந்து கழற்றி, பாவித்த தேயிலைச் சக்கையோடும் கொஞ்சம் உமிச்சாம்பலோடும் போட்டுக் கலந்து, பாணியையும் அதற்குள்ளேயே ஊற்றி ஊறவிட்டு, பாற்பைக்கற்று மாதிரி ஒழுகாத ஒன்றுக்குள் போட்டு இறுக்கி ஒட்டிக் கொடுங்கள். குளிசையை நசுக்க வேண்டாம், தூள் மூக்குக்குள் போகும். போத்தலில் இருக்கிற பெயரையும் கிளினிக் இலக்கத்தையும் சுரண்டிவிடுங்கள். இதைக் கடைசி வழி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மாநகரக் குப்பை போகிற கல்லுண்டாய்வெளி திறந்த வெளி, பக்கத்தில் கடல்நீரேரி. ஆகவே கேட்டு அலைய வேண்டிய இடத்தில் கொஞ்சம் அலையத்தான் வேண்டும். ஒரு பாமசிக்காரர் முகத்தைச் சுழித்தால் அடுத்தவரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடை வாசலில் ஒரு பெட்டி வைக்கிற யோசனை வரும், சனசமூக நிலையத்தில் ஒரு நாள் வைத்துச் சேகரிக்கலாமா என்று எம்.ஓ.எச்சிடம் எழுதியும் கேட்கலாம், ஆனால் சேர்ந்ததை அன்றே பொறுப்பெடுக்க ஆள் இருக்கிறதா என்று உறுதிப்படுத்தாமல் பெட்டி வைக்காதீர்கள்.

இலவச மருத்துவ முகாம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். மிஞ்சுகிற மருந்துப் பெட்டிகளை மண்டபத்தின் பின்னால் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முகாமுக்கு முதலே எம்.ஓ.எச்சுக்கு அறிவித்து மிச்சத்தை யார் எடுப்பது என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெருந்தொகை என்றால் உலக சுகாதார நிறுவனம் 1999 இல் சொன்ன ஒரு முறை உண்டு: பீப்பாவில் முக்கால் பங்குக்கு மருந்தைப் போட்டு, மேலே சீமெந்தும் சுண்ணாம்பும் தண்ணீரும் கலந்து ஊற்றி இறுக வைப்பது. அது சுகாதாரத் திணைக்களம் நின்று செய்விக்க வேண்டிய வேலை, வளவுக்குள் நீங்களே செய்து பார்க்கிற வேலை இல்லை.

இனிக் குளக்கரை.

கரையில் மருந்து அட்டையோ ஊசியோ கொட்டிக் கிடப்பதைக் கண்டால் கை வைக்காதீர்கள், கிளறாதீர்கள். ஃபோனில் தூரத்தில் ஒரு படம், கிட்ட ஒரு படம். கிட்ட எடுக்கும்போது அட்டையில் உள்ள தொகுதி இலக்கம் (பட்ச் நம்பர்) தெளிவாக விழ வேண்டும், ஏனென்றால் எங்கிருந்து வந்தது என்று தேட அந்த இலக்கம்தான் பிடி. அரசாங்க மருந்து என்றால் பெட்டியிலோ அட்டையிலோ அரச இலச்சினை இருக்கும். இலச்சினை இல்லாவிட்டாலும், ஒரே மருந்து நூற்றுக்கணக்கில் கிடந்தால் வீட்டுக்காரர் போட்டது இல்லை என்று விளங்கும். ஆஸ்பத்திரி, கிளினிக் கழிவை அனுமதிப்பத்திரம் இல்லாமல் கண்ட இடத்தில் கொட்டுவது 2008 ஆம் ஆண்டின் சுற்றாடல் ஒழுங்குவிதிகளின்படி குற்றம், அதைப் பார்ப்பது மத்திய சுற்றாடல் அதிகார சபை.

பி.எச்.ஐக்கு ஃபோன் எடுத்துச் சொன்னாலும் கடிதமும் கொடுங்கள். நீளமாக எழுத வேண்டாம். "எமது கிராமத்தின் இன்ன குளத்தின் கிழக்குக் கரையில், வாய்க்கால் வந்து விழும் இடத்துக்கு அருகில், இன்ன திகதி காலை மருந்து அட்டைகளும் ஊசிகளும் கொட்டப்பட்டிருப்பதைக் கண்டோம். படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. இவ்விடத்தில் இருந்து ஏறக்குறைய இவ்வளவு தூரத்தில் குடிதண்ணீர்க் கிணறுகள் உள்ளன. அகற்றுவதற்கும், குளத்து நீரையும் கிணற்று நீரையும் பரிசோதிப்பதற்கும் நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகிறோம்." இவ்வளவு போதும். எம்.ஓ.எச்சுக்கு முகவரியிட்டு, பிரதி பிரதேச சபைச் செயலாளருக்கும் கிராம அலுவலருக்கும். பட்டினத்துக்குள் என்றால் மாநகர சபை அல்லது நகர சபை. உங்கள் பிரதியில் "கிடைத்தது" என்று முத்திரையும் திகதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். யார் செய்தது என்று ஊகித்துப் பெயர் எழுதுவதைத் தவிருங்கள், கண்டதை மட்டும் எழுதுங்கள்.

குளம் யாருடையது என்பதும் முதலே தெரிந்திருக்க வேண்டும். சில குளம் உள்ளூராட்சி சபைக்கு, வயலுக்குப் பாய்கிறவை கமநல சேவை நிலையத்தின் கீழே, கேணி என்றால் பெரும்பாலும் கோயிலுக்கு. கிராம அலுவலருக்கு இது தெரியும். தெரியாமல் போனால் ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் காட்டும், மற்றது திருப்பி இதைக் காட்டும், நீங்கள் நடுவில் சைக்கிள் மிதிப்பீர்கள்.

பரிசோதனைக்கு என்ன கேட்பது? "தண்ணீரைச் செக் பண்ணித் தாங்கோ" என்று கேட்டால் வருவது பி.எச்சும் நிறமும்தான். குளத்தில் குளிக்கிறார்கள், தீர்த்தம் ஆடுகிறார்கள் என்றால் ஈ.கோலை, அதாவது மலம் கலந்ததைக் காட்டுகிற கிருமி, பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் குடிதண்ணீர்க் கிணறு இருந்தால் ஈ.கோலையும் நைத்திரேற்றும். தோட்டத்துக்கு இறைக்கிறீர்கள் என்றால் உப்பைக் காட்டுகிற மின்கடத்துதிறன். மீன் செத்து மிதந்தால் கரைந்த ஒட்சிசன், அதை விடியற்காலையில் குளக்கரையிலேயே அளக்க வேண்டும், போத்தலில் அடைத்துப் பின்னேரம் கொண்டுபோனால் அந்த இலக்கத்துக்கு அர்த்தம் இல்லை. எலிக்காய்ச்சல் கிருமியை இந்தப் பரிசோதனை எதுவும் காட்டாது. தண்ணீர் நல்லம் என்று அறிக்கை வந்ததால் காலில் புண்ணோடு மாரிக்குளத்துக்குள் இறங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பி.எச்.ஐ வந்து எடுத்தால் எல்லாம் அவர் பொறுப்பு. நீங்களே எடுத்துத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்கோ வேறு ஆய்வுகூடத்துக்கோ கொடுப்பதாக இருந்தால், கட்டணம் எவ்வளவு, எந்த நாளில் எடுப்பார்கள் என்று முதலே ஃபோனில் கேட்டு, கிருமிப் பரிசோதனைக்கான கிருமிநீக்கிய போத்தலை அவர்களிடமே வாங்குங்கள். சோடாப் போத்தலைக் கழுவிக்கொண்டு போனால் சோடாப் போத்தலின் கிருமியையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். அவர்கள் தந்த போத்தலை அலசக் கூடாது, மூடியின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. கரையோரப் பாசியையும் மேலே மிதக்கிற ஆடையையும் விட்டு, போத்தலின் அடியைப் பிடித்து, வாயைக் கீழே பார்க்கக் கவிழ்த்து ஓரடி ஆழத்துக்கு இறக்கி, அங்கே முன்பக்கமாகத் திருப்பி, கையில் இருந்து விலக்கித் தள்ளியபடி நிரப்புங்கள். கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். இரசாயனப் பரிசோதனைக்கான ஒரு லீற்றர்ப் போத்தல் வேறு, அதை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி முட்ட நிரப்பலாம். இரண்டையும் ஐஸ்பெட்டிக்குள் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுக்காதீர்கள், திங்கள்வரை யார் வைத்திருப்பது?

என்னைக் கேட்டால் குளத்தில் மட்டும் எடுப்பது அரை வேலை. வாய்க்கால் வந்து விழுகிற இடத்தில் ஒன்று, நடுக்குளத்துப் பக்கமாக ஒன்று, கிட்டின கிணற்றில் ஒன்று, மூன்றும் ஒரே நாளில். அப்போதுதான் அழுக்கு வாய்க்காலால் வருகிறதா, குளத்துக்குள்ளேயே உண்டாகிறதா, கிணற்றுக்கும் போய்விட்டதா என்று பிரிக்கலாம். முதல் மழை வெள்ளம் வந்த கையோடு ஒருமுறையும் ஆவணி வறட்சியில் ஒருமுறையும் எடுத்தால் இன்னும் நல்லம். எடுத்த நேரம், முதல்நாள் மழை பெய்ததா, மாடு குளித்ததா, யாராவது தோட்டத்துக்குப் பூச்சிமருந்தடிக்கிற தாங்கியைக் குளத்தில் கழுவினார்களா எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மருந்துத் தாங்கி கழுவுவது எங்கள் ஊர்களில் பழகிப்போன பழக்கம், அது பற்றி வாய் திறந்தால் சண்டைதான், ஆனாலும் திறக்கத்தான் வேண்டும்.

அறிக்கை வந்ததும் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஈ.கோலை குடிதண்ணீரில் 100 மில்லிலீற்றருக்கு பூச்சியமாக இருக்க வேண்டும், ஒன்று என்றாலும் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. குளத்தில் பூச்சியம் வராது, அதற்காகப் பதறத் தேவையில்லை, கிணற்றில் வந்தால்தான் பி.எச்.ஐயைக் கூப்பிட்டுக் குளோரின் போடுவிக்க வேண்டும். அடுத்தது நைத்திரேற்று, இதில்தான் சனம் ஏமாறுகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது எல்லை. ஆனால் சில அறிக்கையில் அதை "நைதரசனாக" என்று போட்டிருப்பார்கள், அப்படி என்றால் எல்லை ஏறக்குறைய 11 தான். அதாவது தாளில் 15 என்று இருக்கிறதைப் பார்த்து ஐம்பதுக்குக் கீழே என்று சந்தோசப்படுகிறவர், உண்மையில் 66 அளவு உள்ள தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பார். அலகு என்ன என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், அதை வாசியுங்கள், விளங்காவிட்டால் ஆய்வுகூடத்திலேயே கேளுங்கள். நைத்திரேற்றைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது, தண்ணீர் வற்ற வற்ற அது கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைக்கவே கூடாது.

பி.எச்.ஐ எடுத்துப்போன மாதிரியின் முடிவு வராமலே இருந்தால் இரண்டு தரம் மரியாதையாகக் கேளுங்கள். அதற்கும் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். எந்தக் குளம், எந்தத் திகதியில் எடுத்த மாதிரி, எந்தெந்தப் பரிசோதனை என்று குறிப்பாகக் கேளுங்கள், "எல்லா அறிக்கையும்" என்று கேட்டால் இழுபடும். முடிவு கையில் வந்தால் ஒரு பிரதியைச் சனசமூக நிலையத்துப் பலகையில் ஒட்டிவிடுங்கள், குளத்தடிக் கிணற்றுக்காரர்கள் எல்லோரும் பார்க்கட்டும்.